நாத்தனார் லேயர்

அத்தியாயம் பதினேழு

சின்னவளும் அவள் நாத்தனாரும் பேசி ஒன்பது நாள் ஆகிறது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மறந்தவர்களுக்காகவும், போன இதழைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருப்பவர்களுக்காகவும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நாத்தனார் இரும்பைச் சோதிக்கிறவர். தண்ணீர்த் தொட்டி, பாலம், கொதிகலன் என்று எதுவானாலும் கைப்பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்துத் தட்டிப் பார்ப்பார். பிறகு, இது இன்னும் பத்து வருஷம் தாங்கும், அதை நாளைக்கே இறக்குங்கள் என்று எழுதிக் கொடுப்பார். அவர் கையெழுத்தென்றால் பெரிய பெரிய முதலாளிகளே பயப்படுவார்கள்.

சின்னவள் அவருடைய தம்பி மனைவி. ஆறு வருஷமாக ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் திருத்துகிறவள். மணப்பெண்ணின் கன்னத்துப் பருவையும் மாப்பிள்ளையின் நெற்றி வியர்வையையும் மவுஸால் துடைத்துத் துடைத்து அலுத்துப் போயிருந்தாள். அப்போதுதான் ஒரு புது வாய்ப்பு வந்தது. இரும்புச் சோதனை கற்றுக்கொள்கிறவர்களுக்காக ஒரு நிறுவனம் கம்ப்யூட்டருக்குள்ளேயே தொட்டியும் பாலமும் கட்டுகிறது. அதில் ஒட்டுவதற்குத் துருப்பிடித்த தகட்டின் படம் வேண்டும். அதைப் படம் திருத்தும் மென்பொருளில் அசல் போல உண்டாக்கத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். சின்னவள் இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இந்தப் பேச்சு வந்தது.

"துருவை ஒழிக்கத்தான் நாங்க ஊர் ஊரா அலையறோம். நீ நாற்காலியில உட்கார்ந்து துருவை உண்டாக்கறியா?" என்றார் நாத்தனார்.

மேஜையே சிரித்தது. சின்னவளின் கணவனும் சிரித்துத் தொலைத்தான்.

"உங்களுக்குத் தட்டினாத்தான் தெரியும் அண்ணி. எனக்குப் பார்த்தாலே தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. எனக்கு வந்த கடிதங்களில் பாதி நாத்தனார் கட்சி, பாதி சின்னவள் கட்சி. சிரித்த கணவனுக்காக ஒருவரும் எழுதவில்லை.

இனி இந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

காலை எட்டேகாலுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. இரண்டாவது படமும் திரும்பியிருந்தது. முதல் படத்தில் துரு அம்மை போட்ட மாதிரி உடம்பெல்லாம் ஒரே அளவில் இருந்ததாம். இரண்டாவதில் பெயிண்ட் அடித்த மாதிரி இருக்கிறதாம். 'இன்று மாலை நான்கு மணி வரை கடைசி வாய்ப்பு. இந்த முறை மூல ஃபைலையே அனுப்பவும். ஐந்து மணிக்கு முடிவைச் சொல்கிறோம். இன்னொருவரின் படமும் எங்கள் பரிசீலனையில் இருக்கிறது' என்று முடித்திருந்தார்கள்.

சின்னவள் அதை மூன்று தடவை படித்தாள். லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. இது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போய்ப் பரு துடைக்க வேண்டும். ஆறு வருஷமாக அடுத்தவர் முகத்தில் இருப்பதை அழித்தே பழகியவளிடம், முதல்முறையாக ஒன்றை உண்டாக்கிக் காட்டு என்று கேட்டிருந்தார்கள். அது கை நழுவிப் போவதை நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்தது.

கணவன் மருந்துக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவன். எவ்வளவு மோசமான கையெழுத்தையும் படித்துவிடுவான், மனைவியின் முகத்தைத் தவிர. இன்று அதையும் படித்துவிட்டான்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். அவளுக்குத் தெரியாத துருவா?"

"நீங்க கடைக்குப் போங்க."

அவன் போய்விட்டான்.

சும்மா சொல்லக் கூடாது. சின்னவள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் பரப்பு. அதன் மேல் மணலைத் தூவின மாதிரி பொடிப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளை ஒரே திசையில் இழுத்துத் தேய்த்தால் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்த தகடு. அதற்கு மேல் பெயிண்ட் நிறம், அதன் மேல் மேகம் மாதிரி திட்டுத் திட்டாக ஒரு ஃபில்டர். அந்த மேகத்தைக் கறுப்பாகவும் வெள்ளையாகவும் பிரித்து, வெள்ளை இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் இறங்கும்படி செய்வாள். தகட்டில் பெயிண்ட் உரிந்து இரும்பு எட்டிப் பார்க்கும். எல்லாம் பத்தே நிமிஷத்தில்.

ஒவ்வொன்றும் ஒரு லேயர். கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து பார்ப்பது மாதிரி. ஐம்பது அறுபது லேயர் சேர்ந்துவிட்டால் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திண்டாட வேண்டும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். மற்றவர்கள் 'கீறல்', 'நிழல்' என்று வைப்பார்கள். சின்னவள் ஸ்டூடியோவில் இருந்த காலத்திலிருந்தே வீட்டு மனிதர்களின் பெயரை வைப்பாள். அப்படி வைத்தால்தான் அவளுக்கு மறக்காது.

கீழே எது இருந்தாலும் அதைக் கறுக்க வைக்கிற லேயருக்கு 'மாமியார்' என்று பெயர். முப்பது சதவீதம் மட்டுமே தெரியும்படி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி ஒரு பனிமூட்டம் போட்டிருந்தாள். அதற்கு 'அவர்' என்று பெயர். குழியும் கீறலும் பொரிந்து நிற்கும் விளிம்புமாக, விரல் வைத்தால் கிழித்துவிடுமோ என்று தோன்றும் லேயர் ஒன்று. அதன் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு லேயரின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் படம் இருக்கும். அதை அழுத்தினால் கண் மூடிக்கொள்ளும். அந்த லேயர் மறைந்துவிடும். அழியாது, மறைந்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகு லேயர்களை ஒன்றாக ஒட்டித் தட்டையான படமாக மாற்றித்தான் இதுவரை அனுப்பியிருக்கிறாள். ஆகவே இந்தப் பெயர்களெல்லாம் அவளுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

பதினொரு மணி வரை முட்டி மோதினாள். நிறத்தை மாற்றினாள், விளிம்பைக் கூராக்கினாள், வெளிச்சத்தைச் சாய்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நேற்றும் நன்றாகத்தான் இருந்தது, திரும்பி வந்துவிட்டது. என்ன குறை என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

பதினொன்று இருபதுக்கு ரோஷத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள். நாத்தனாரின் அலுவலக முகவரிக்கு ஃபைலை இணைத்து, 'அண்ணி, இதில் என்ன தப்பு?' என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. அதற்குமேல் அவளால் இறங்கி வர முடியாது.

டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோதுதான் கவனித்தாள். அவள் அனுப்பியது தட்டையான படத்தை அல்ல. லேயர்கள் அத்தனையும் பெயரோடு அடுக்கியிருந்த மூல ஃபைலை.

டீ ஆறிப் போனது. நாத்தனாருக்கு அதைத் திறக்கத் தெரியாது என்று மனசைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. சோதனைப் புகைப்படங்களில் விரிசலைச் சுற்றி வட்டம் போட அவர் அலுவலகத்திலும் அதே மென்பொருள்தான். கணவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"என் பேரும் இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை சதவீதம்?"

"முப்பது."

"பரவாயில்லை, நான் இன்னும் கம்மியா நினைச்சேன்" என்றான். நல்ல மனிதன்தான், என்ன செய்வது.

பன்னிரண்டே முக்காலுக்கு வாசல் மணி அடித்தது. நாத்தனார் நின்றிருந்தார். காலில் வேலைக்குப் போகும் கனத்த ஷூ, கக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று முகமே சொன்னது.

"கம்ப்யூட்டர் எங்கே?" என்றார்.

ஒன்பது நாளைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான். சின்னவள் வழிவிட்டாள். நாத்தனார் கைப்பையை மேஜையில் வைத்தார். சுத்தியலின் கனத்தில் பை ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாலாக மடித்த பழுப்பு நிறக் கவர் ஒன்று வெளியே நழுவியது. நாத்தனார் அதைச் சட்டென்று உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்து மூடினார். சின்னவள் பார்த்தாள். ஆனால் அவளுக்கு அப்போது இருந்த பயத்தில் கவரைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

லேயர் பெயரைப் பற்றிப் பேச்சு வரும், வீடு இரண்டாகும் என்று அவள் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"உன் துருவுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டார்.

சின்னவளுக்குப் புரியவில்லை.

"துரு தானா வராது. தண்ணி எங்கே நிக்குதோ அங்கே வரும். போல்ட்டுக்கு அடியில நிக்கும், மடிப்புல நிக்கும். அங்கேருந்து கீழே வடியும். உன் படத்துல எல்லாமே இருக்கு, தண்ணி மட்டும் இல்லை."

சின்னவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னுதான் அண்ணி நாங்க பார்ப்போம். தண்ணியை நான் யோசிக்கவே இல்லை" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. சின்னவள் கம்ப்யூட்டரில் வரைகிற பேனாவை எடுத்தாள். தகட்டின் மேல் ஓரத்தில் ஒரு போல்ட்டை வைத்தாள். மழை இடப்பக்கத்திலிருந்து அடிப்பதாக முடிவு செய்தாள். போல்ட்டின் கீழ்ப்பக்கம் கருஞ்சிவப்பு. அதைச் சுற்றிப் பழுப்பு. இன்னும் தள்ளி, நேற்றுப் பிடித்த துருவுக்கு ஆரஞ்சு. அங்கிருந்து மெல்லிய கறைகளை இழுத்துவிட்டாள். ஒன்று நேராக இறங்கியது. ஒன்று பாதியில் ஒரு மேட்டில் இடித்து வளைந்தது. இன்னொன்று இறங்க இறங்க வெளுத்துக் காணாமல் போனது. மழை படாத வலப்பக்கத்தில் பெயிண்ட்டை அப்படியே பளபளவென்று விட்டுவைத்தாள்.

நாத்தனார் அவள் கையையே பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக இரும்பு எப்படிக் கெடுகிறது என்று பார்த்து வருகிறவர் அவர். கெட்டு முடிந்த பிறகுதான் எப்போதும் பார்த்திருக்கிறார். அது கண்ணெதிரே நடப்பதை இன்றுதான் பார்த்தார்.

"இந்த நிறம் வரணும்னா ஒரு தொட்டி ஆறு வருஷம் நனையணும்மா" என்றார் மெதுவாக. "நீ ஆறு நிமிஷத்துல கொண்டுவந்துட்டே."

சின்னவளுக்குக் காது சூடாகிவிட்டது. ஸ்டூடியோவில் ஆறு வருஷமாக ஒருவரும் அவளிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நன்றாகத் திருத்திய படத்தில் திருத்தியதே தெரியாது; பிறகு யார் பாராட்டப் போகிறார்கள்?

"இன்னும் ஒண்ணு" என்றார் நாத்தனார். திரையின் ஓரத்தில், லேயர்களின் பட்டியலில் அவர் விரல் இறங்கியது. "இந்தக் கண்ணை ஏன் மூடி வச்சிருக்கே?"

பட்டியலில் 'நாத்தனார்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் கண் மூடியிருந்தது.

பூமி பிளந்தால் சின்னவள் உள்ளே போயிருப்பாள். சண்டை நடந்த மறுநாள் காலையில் அந்தப் பெயரைப் பார்த்தவுடன் எரிச்சலாக வந்தது, கண்ணை மூடிவிட்டாள். மூடியதும் படம் சுத்தமாகத் தெரிந்தது. குழியையும் கீறலையும் அழித்தே பழகிய கண்ணுக்கு அது அழகாகவும் தெரிந்தது. அப்படியே இரண்டாவது படமாக அனுப்பியும் விட்டாள். பெயிண்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்று ஏன் திரும்பி வந்தது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அது வந்து அண்ணி..." என்றாள்.

நாத்தனார் மவுஸை வாங்கி அந்தக் கண்ணைத் திறந்தார். தகடு முழுக்கக் குழிகள் விழுந்தன. பெயிண்ட் விளிம்புகள் பொரிந்து எழுந்தன. கறைகள் அந்தக் குழிகளில் தேங்கித் தேங்கி இறங்கின. அதுவரை படமாக இருந்தது, தொட்டால் விரலில் பொடி ஒட்டும் என்று தோன்றும் இரும்பாகிவிட்டது. சின்னவள் தானே செய்ததைத் தானே வாயைப் பிளந்து பார்த்தாள்.

நாத்தனார் மறுபடி கண்ணை மூடினார். படம் செத்துப் போனது. திறந்தார். உயிர் வந்தது.

"ஆபீஸ்ல இதைத்தான் இருபது தடவை மூடி மூடித் திறந்து பார்த்தேன்" என்றார். "முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் சாப்பாட்டு டப்பாவை அப்படியே வச்சுட்டுக் கிளம்பி வந்துட்டேன்."

அவ்வளவுதான். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. சின்னவள் இரண்டு தட்டில் சோறு போட்டுக் கொண்டு வந்தாள். திரையைப் பார்த்தபடியே இருவரும் சாப்பிட்டார்கள்.

மூன்றரை மணிக்கு வேலை கிட்டத்தட்ட முடிந்தது. தொட்டி முழுக்க ஒட்ட இதே சதுரப் படத்தைத்தான் அடுத்தடுத்து வைப்பார்கள்; ஒரு சதுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சதுரத்தை வைத்தால் இணைப்பு தெரியாமல் ஒட்ட வேண்டும். அந்த விளிம்பு வேலை மட்டும் பாக்கி. நாத்தனார் கடைசியாக ஒருமுறை படத்தை மூலைமூலையாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். வலது கீழ் மூலையில் நின்றுவிட்டார்.

"இது நீ பண்ணினது இல்லையே."

"எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றாள் சின்னவள் ஆச்சரியத்தோடு. அந்தக் கையகல இடம் மட்டும் புகைப்படம். நிறம் சரியாக வருகிறதா என்று ஒத்துப் பார்க்க வைத்துக்கொண்டது. சுற்றியிருப்பதோடு அவள் அதை இழைத்திருந்த அழகில் அவளுக்கே எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த லேயருக்கு 'அசல்' என்று பெயர்.

நாத்தனார் அந்த இடத்தை இன்னும் பெரிதாக்கினார். அங்கே இரண்டு தகடு சேரும் இடத்தில் பெயிண்ட் உப்பியிருந்தது. உப்பலின் நடுவில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. துரு ஏடு ஏடாகப் பிரிந்து தகட்டை உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"இது மேலேருந்து பிடிச்ச துரு இல்லை. உள்பக்கமா அரிச்சு முடிச்சுட்டு வெளியே வருது. பெயிண்ட்தான் இதைப் பிடிச்சு வச்சிருக்கு. எங்கே எடுத்தே இதை?"

சின்னவள் யோசித்தாள். யோசித்ததும் அவள் முகம் வெளுத்தது. அன்றைக்கு மேஜையிலிருந்து எழுந்து பின்பக்கம் போனாள் அல்லவா? அங்கே மாமியார் வீட்டு மொட்டை மாடிக்குப் போகும் இரும்புப் படிக்கட்டின் கீழே நின்று அழுதாள். யாராவது வந்தால் ஏதோ வேலையாக நிற்பது போல இருக்கட்டும் என்று போனை எடுத்தாள்; தலைக்கு மேலே படியின் அடிப்பக்கத் துரு அழகாக இருந்தது, படம் எடுத்தாள்.

"அத்தை வீட்டு மாடிப்படி அண்ணி. ஏழாவதோ எட்டாவதோ."

மணி மூன்று முப்பத்தைந்து. மாமியார் தினமும் மூன்றே முக்காலுக்கு மாடிக்குத் துணி எடுக்கப் போவார். கடிகாரம் நின்றாலும் அவர் நிற்க மாட்டார். நாத்தனார் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமியார் போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டும் ரகம்.

சின்னவள் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தாள். செருப்பைக்கூடத் தேடவில்லை. நான்கு மணி, ஐந்து மணி, திங்கட்கிழமை எதுவும் அவள் முகத்தில் இல்லை. கதவைத் திறந்துவிட்டாள். நாத்தனார் அதைப் பார்த்தார்.

"நில்லு. உன் புருஷன் கடை அந்தத் தெருவுலதானே?"

முப்பது சதவீதக்காரன் முதல் மணியிலேயே போனை எடுத்தான். நாத்தனார் இரண்டே வாக்கியம்தான் சொன்னார். அடுத்த ஐந்தாவது நிமிஷம் அவனே கூப்பிட்டான். கடையின் வெள்ளைக் கோட்டோடு ஓடி, படிக்கட்டின் முதல் படியில் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். அம்மா துணிக்கூடையோடு எதிரே நின்று திட்டிக்கொண்டிருந்தார். அந்தத் திட்டு போனிலேயே தெளிவாகக் கேட்டது. எழுந்திருக்க மாட்டேன் என்று அவன் சொன்னதும் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து தன் கணவன் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லிச் சின்னவள் கேட்பது இதுதான் முதல் தடவை.

"உட்காரு. முடிச்சுட்டுப் போகலாம். அவன் நகர மாட்டான்" என்றார் நாத்தனார்.

சின்னவள் மறுபடி உட்கார்ந்தாள். 'அசல்' லேயரை அழித்தாள். அந்த இடத்தை இப்போது அவளே வரைந்தாள்: உப்பலும் கறுப்புக் கோடும் ஏடுகளும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதுதான் அல்லவா? விளிம்பை ஒட்டினாள். லேயர்களோடுதான் அனுப்ப வேண்டும் என்று நிறுவனம் இந்த முறை கேட்டிருந்தது. அதனால் 'மாமியார்' என்பதை 'நிழல்' என்று மாற்றினாள். 'அவர்' என்பதைப் 'பனி' ஆக்கினாள். அடுத்த பெயரில் அம்புக்குறியை வைத்தபோது நாத்தனார் அவள் கையைப் பிடித்தார்.

"அதை மட்டும் மாத்தாதே."

மூன்று ஐம்பத்தாறுக்குப் படம் போனது.

பத்து நிமிஷ நடையை ஐந்து நிமிஷத்தில் நடந்தார்கள். பின்கட்டில் கணவன் இன்னும் படியில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைக் கோட்டில் துரு. மாமியார், இவ்வளவு நாள் தாங்கின படி இன்றைக்கா விழுந்துவிடும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் படிக்கட்டுக்குக் கீழே போய் நின்று, ஏழாவது படியைச் சுத்தியலால் தட்டினார். முதல் தட்டுக்கு இரும்பின் சத்தம் வரவில்லை. இரண்டாவது தட்டுக்குப் பெயிண்ட் உதிர்ந்தது. மூன்றாவது தட்டில் சுத்தியல் தலை உள்ளே போய்விட்டது. அதை இழுத்தபோது விழுந்த ஓட்டை வழியாக வானம் தெரிந்தது.

மாமியார் கூடையைக் கீழே வைத்தார்.

நாத்தனார் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சுத்தியலைப் பிடித்த கையால் அதைத் துடைத்துக்கொண்டார்.

"ஊர்ல இருக்கிற இரும்பையெல்லாம் தட்டிப் பார்க்கறேன். பதினோரு வருஷமா இந்தப் படியில ஏறி இறங்கறேன். ஒரு நாள் குனிஞ்சு பார்த்தது இல்லை" என்றார். "இவதான் பார்த்தாம்மா."

"நான் கண்டுபிடிக்கலை அத்தை. அழகா இருந்துச்சு, படம் எடுத்தேன். அவ்வளவுதான்" என்றாள் சின்னவள். உண்மையைச் சொல்லாமல் இருக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"பார்த்தியா இல்லையா? பார்த்தேல்ல. அது போதும்" என்றார் நாத்தனார்.

அன்றைக்குத் துணி மாடியிலேயே கிடந்தது.

ஐந்து பத்துக்குச் சின்னவளின் போன் அதிர்ந்தது. அவளுக்குத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. நாத்தனாரிடம் நீட்டினாள். நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டுப் போனை அவளிடம் திருப்பினார். நான்கே வரி.

'படத்தை ஏற்றுக்கொண்டோம். இடம் உங்களுக்குத்தான். திங்கட்கிழமை காலை வரவும். நாத்தனாரையும் அழைத்து வரவும்.'

சின்னவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எந்த பஸ்ஸில் போகலாம் என்று கேட்டாள். நாத்தனார் கைப்பையைத் திறந்து, மதியம் அவசரமாக உள்ளே தள்ளிய அந்தப் பழுப்புக் கவரை எடுத்து அவள் கையில் வைத்தார். சின்னவள் பிரித்துப் பார்த்தாள். நாத்தனாருக்கு மாற்றல் உத்தரவு. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர். திங்கட்கிழமை காலை அங்கே பொறுப்பேற்க வேண்டும். உத்தரவில் இருந்த தேதியைப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில் சண்டை போட்டார்களே, அந்த நாள்.

"அது என்ன காகிதம்?" என்று மாமியார் அங்கிருந்தே கேட்டார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், "ஒண்ணுமில்லை" என்றார்கள்.